இருபதாவது பிள்ளை

ஜனவரி 14

அன்புள்ள சுண்டுவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். உன்னிடமிருந்து ஒரு வரி வந்து இரண்டு மாதமாகிறது. கல்வி அலுவலகத்தில் நாற்காலி கிடைத்ததும் அண்ணியை மறந்துவிட்டாள் என்று உன் அண்ணனிடம் சொன்னேன். "மறந்தா எனக்கு நிம்மதி. ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையைத்தானே உருட்டுவீங்க" என்கிறார். முழங்கால் வலிக்கு நடக்கும் மெஷின் ஒன்று வாங்கி ஹாலில் நிறுத்தியிருக்கிறார். அதில் துணி நன்றாகக் காய்கிறது.

போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அண்ணன் பிடுங்கிக்கொள்கிறார். தவிர, பகலெல்லாம் ஆங்கிலத்தில் கத்திவிட்டு வருகிறவளுக்குத் தமிழில் நாலு பக்கம் எழுதினால்தான் மூச்சு வருகிறது.

எங்கள் ஆங்கில உதவி வகுப்பை நூலக மூலையிலிருந்து தூக்கி, விளையாட்டுச் சாமான் வைக்கிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு ஜன்னல், எட்டு மேஜை, காற்றுப்போன பந்துகள் ஒரு மூட்டை. ரப்பர் வாடை உடம்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருகிறது. இருபது பிள்ளைகள், ஐந்து மொழிகள். எனக்குத் தெரிந்தது அதில் தமிழ் ஒன்றுதான். மற்ற நாலுக்கும் கையும் காலும் முகமும்தான் மொழி.

விஞ்ஞானியைப் பற்றிச் சொன்னேனா? பதினொரு வயதுப் பெண். தமிழ்ப் பிள்ளை. இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருஷமாகிறது. முதல் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை, நானும் பிடுங்கவில்லை. ஒரு நாள் திடலில் கிடந்த காற்றுப்போன பந்து ஒன்றை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, இது ஏன் எழும்பவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அன்றைக்குத் திறந்த வாயை இன்னும் மூடவில்லை. பேனா, பென்சில் துருவி, கதவுத் தாழ்ப்பாள் எதையும் கழற்றாமல் விடமாட்டாள்.

அவளுக்கு ஒரே குறை, என் வகுப்பு நடக்கிற அதே நேரத்தில்தான் அவள் வகுப்புக்கு அறிவியல் பாடம். தினமும் வரும் வழியில் அறிவியல் அறைக் கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்கிறாள். போன வாரம் உள்ளே எரிகிற மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அழைத்ததால் பாதியில் வந்துவிட்டாள். "அணைஞ்சுதா மிஸ்? நீங்க பாத்தீங்களா?" என்று பாடம் முழுக்க என்னைத் துளைத்தெடுத்தாள். பிப்ரவரி பேச்சுத் தேர்வில் தேறினால் என்னை விட்டுவிட்டு அங்கே போய்விடலாம். நாட்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அடிக்கிறாள். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை. வீட்டில் அவர்கள் இருவர்தான்.

போன மாதம் இரட்டைப் பெண்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள், ஏழு வயது. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இருவரும் ஒரே நாற்காலியில் உட்காருகிறார்கள்.

தலைமையாசிரியை புதிதாக ஒரு குண்டைப் போட்டிருக்கிறார். இருபது பிள்ளைகள் இருந்தால்தான் உதவி வகுப்பு வாரம் முழுக்க நடக்குமாம். ஒன்று குறைந்தாலும் மூன்று நாள். சரியாக இருபது வைத்திருக்கிறேன்.

பதில் போடு. இரண்டு வரியாவது போடு.

உன் அண்ணி


ஜனவரி 29

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு மாதம் என்பது அநியாயம். ஏழு வாரம்தான். தேதி வைத்திருக்கிறேன்.

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்குமே சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. உங்களுக்குப் புரியும். ஒரு அறையில் ஆறு பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பள்ளிகளிலிருந்து வருகிற பேச்சுத் தேர்வு ஒலிப்பதிவுகளில் பத்துக்கு ஒன்றை எடுத்து, ஆசிரியர் போட்ட மதிப்பெண் சரியா என்று கேட்டுப் பார்க்கிறோம். பிள்ளைக்குப் பெயர் கிடையாது, எண்தான். முகம் தெரியாது. குரலை வைத்து நானே ஒரு முகம் செய்துகொள்கிறேன்.

ஆசிரியர்கள் பண்ணும் திருட்டுத்தனம் இருக்கிறதே! ஒரு டீச்சர் சரியான விடை வரும்போதெல்லாம் இருமுகிறார். அவருக்கு உண்மையிலேயே இருமல் வந்தால் பிள்ளையின் கதி என்ன என்று நாங்கள் ஆறு பேரும் சிரித்துச் சிரித்து மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டார்.

கேள்வி கேட்டபின் பதினைந்து விநாடி காத்திருந்த பிறகுதான் "பதில் இல்லை" என்று குறிக்கலாம் என்பது விதி. உங்கள் வகுப்பில் நான் உதவியாளராக இருந்த முதல் வருஷம் நினைவுக்கு வருகிறது. பிள்ளை திணறும்போது சொல்லிக்கொடுக்க நான் வாயெடுத்தால் மேஜைக்கு அடியில் என் காலை மிதிப்பீர்கள். "வீட்டு பாஷையில யோசிக்கணும், அதை மாத்தணும், அப்புறம் சொல்ல தைரியம் வரணும். மூணு வேலை இருக்கு அதுக்கு. பொறுடி" என்பீர்கள். இங்கே எனக்குக் கீழே புதிதாக வந்தவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன், காலை மிதிக்காமல்.

இருபது பேரில் சிலர் தேறிவிட்டால் எண்ணிக்கை என்னாகும் அண்ணி? கவலையாக இருக்கிறது. விஞ்ஞானி அறிவியல் வகுப்புக்குப் போகிற அன்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள். அந்த மெழுகுவர்த்தி அணைந்ததா இல்லையா என்று அவளிடம் கேட்டும் சொல்லுங்கள்.

அண்ணனிடம், மெஷினில் துணி காயப்போட்டால் முழங்கால் வலி போகாது என்று சொல்லவும்.

உங்கள் சுண்டு


பிப்ரவரி 27

அன்புள்ள சுண்டுவுக்கு,

தேர்வு முடிந்து முடிவும் சொல்லியாகிவிட்டது. இரண்டு பேர் தேறிப் போனார்கள். புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். ஆக இருபதுதான். அறை தப்பித்தது.

விஞ்ஞானி தேறவில்லை. ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போலிருக்கிறது. 22-ஆம் தேதி முடிவைச் சொன்ன அன்றே அவள் அம்மா வேலை உடுப்போடு வந்து நின்றாள். ஏன் இப்படி ஆச்சு டீச்சர், என்ன செய்யணும் டீச்சர் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஏதாவது சொல்லியனுப்ப வேண்டுமே. வீட்டிலும் ஆங்கிலத்தில் பேசிப் பாருங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

உன் அண்ணன் மெஷினில் ஒரு நாள் ஏறினார். மறுநாள் இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது.

வேலை தலைக்குமேல் கிடக்கிறது. கடிதம் சின்னது என்று கோபித்துக்கொள்ளாதே.

அண்ணி


மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை எனக்கு வந்த ஒலிப்பதிவுகளில் ஒன்று உங்களுடையது. கேள்வி கேட்பதற்கு முன் தொண்டையைச் செருமுவீர்களே, அந்த முதல் செருமலிலேயே தெரிந்துவிட்டது. சொந்தக்காரர் குரல் என்றால் கேட்காமல் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது விதி. நான் கேட்டேன். அது என் தப்பு. அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பந்தைப் பற்றிப் பேசுகிறாள், அதனால் யார் என்றும் தெரிந்தது. ஒன்பது கேள்விகள். முதல் நாலுக்கும் பட்பட்டென்று சொல்கிறாள். ஐந்தாவது, பாலம் படத்தைப் பற்றியது. அதில் கொஞ்சம் யோசிக்கிறாள். நாலே விநாடியில் நீங்கள் ஆறாவதுக்குப் போய்விட்டீர்கள். அவள் மூச்சை இழுத்து வாயெடுக்கிற சத்தம் கேட்கிறது. ஆறாவதைக் கேட்ட பிறகு ஐந்தாவதற்குப் பதில் சொல்கிறாள். சரியான பதில். ஏழாவதில் ஆறாவதற்கு. அதுவும் சரி. நீங்கள் நிற்கவே இல்லை. கடைசிவரை அந்தப் பிள்ளை ஒரு கேள்வி பின்னாலேயே ஓடி வருகிறாள். தாளில் பதில் இல்லை, தவறு, தவறு என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

மூன்று முறை கேட்டேன். அப்புறம் கழிப்பறையில் போய் நின்று அழுதேன். அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

மறுதேர்வு கேட்க ஆசிரியருக்கு மார்ச் 20 வரை நேரம் இருக்கிறது. காரணம் எழுதத் தேவையில்லை, ஒரு கையெழுத்து போதும். நீங்கள் கேட்டுவிட்டால் யாரும் எதையும் தோண்டமாட்டார்கள். கேட்காவிட்டால் இந்த ஒலிப்பதிவு அதன் பாட்டுக்கு விசாரணைக்குப் போகும்.

ஏன் அண்ணி?

சுண்டு


மார்ச் 9

சுண்டு,

ஏன் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். தெரிந்துதான் செய்தேன். கை தவறிச் செய்ததல்ல.

இரட்டையரில் ஒருத்தி, தேர்வுக்கு முந்தின வாரம், கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கேட்கத் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். முப்பது பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அந்த வகுப்பாசிரியை அவளை என் அறைக்கு அனுப்பினார். துடைத்து, விளையாட்டு உடுப்பு ஒன்றை மாட்டிவிட்டு, பந்து மூட்டைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். என் பாவாடையைப் பிடித்த பிடியைச் சாயங்காலம் வரை விடவில்லை. அறை மூன்று நாளுக்குத்தான் திறந்திருக்கும் என்றால், மற்ற இரண்டு நாள் அந்தப் பிள்ளை எங்கே போவாள்? உன் ஹெட்போனில் அது கேட்காது.

விஞ்ஞானிக்கு என்ன நஷ்டம்? ஒரு வருஷம். ஒரு வருஷம் மெழுகுவர்த்தி பார்க்காவிட்டால் குடி முழுகிப் போய்விடாது. இருபது பேரில் கெட்டிக்காரி அவள்தான், எப்படியும் எட்டிப் பிடித்துவிடுவாள். தாங்குகிறவள் என்றுதான் அவள் தலையில் வைத்தேன். என் வேலைக்காகவும்தான். நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது உனக்கு ஒன்பது வயது. தலை நிறையப் பேன். உட்காரவைத்து ஒரு மாதம் வாரி எடுத்தேன். பரீட்சை எழுதமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டவளை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் விட்டேன். இந்த வேலைக்கு நீ வந்ததே என் கையைப் பிடித்துக்கொண்டுதான். இதையெல்லாம் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைப்பாய். ஆமாம், சொல்லிக்காட்டத்தான் சொல்கிறேன்.

பத்தில் ஒன்றைத்தானே கேட்கிறீர்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடு. எனக்காக இது ஒன்றைச் செய்.

அண்ணி


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிக்காட்டியது அத்தனையும் உண்மை, பேன் உட்பட. நீங்கள் இல்லாவிட்டால் நான் இந்த நாற்காலியில் இல்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படிக்க இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

நேற்று என் மேலதிகாரியிடம், இந்தக் குரல் என் அண்ணியுடையது என்று எழுதிக் கொடுத்து ஒலிப்பதிவை ஒப்படைத்துவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவர் 20-ஆம் தேதிக்குப் பிறகுதான் எடுத்துக் கேட்பார். அவருக்கும் காது இருக்கிறது.

இரட்டையரைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. மூன்று நாள் போதாது. அதை எதிர்த்து இந்த அலுவலகத்துக்கு நீங்கள் எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன், வேலை போனாலும் சரி. ஆனால் இன்னொரு பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு அதைக் கேட்க முடியாது அண்ணி. தாங்குகிறவள் தலையில் வைத்தேன் என்கிறீர்கள். தாங்குவாளா என்று அவளைக் கேட்டீர்களா?

இன்னொன்று. வீட்டிலும் ஆங்கிலம் பேசுங்கள் என்று அவள் அம்மாவிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இதே வார்த்தையை ஒரு தகப்பனிடம் சொன்னதற்காக ஒரு வகுப்பாசிரியரோடு நீங்கள் ஒரு மாதம் பேசாமல் இருந்தீர்கள். வீட்டு மொழியைப் பிடுங்கினால் பிள்ளை எதை வைத்து யோசிக்கும் என்று ஆசிரியர் அறையில் சத்தம் போட்டீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியுமா?

இதற்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசமாட்டீர்கள் என்றால் அதையும் தாங்கிக்கொள்வேன். எனக்கு அது வேண்டாம். இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

உங்கள் சுண்டு


மார்ச் 19

அன்புள்ள சுண்டுவுக்கு,

மறுதேர்வுக்குக் கையெழுத்துப் போட்டு நேற்று அனுப்பிவிட்டேன். காரணம் எழுதத் தேவையில்லை என்றாய். எழுதினேன். தலைமையாசிரியையிடமும் நேரில் போய்ச் சொன்னேன். "இதை நீங்க என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். தேர்வை வேறொரு ஆசிரியை நடத்துவார். அவள் தேறிவிடுவாள். அடுத்த பருவத்திலிருந்து அறை மூன்று நாள்தான். என்னை என்ன செய்வது என்று பிறகு சொல்வார்கள்.

இரட்டையருக்குக் கழிவறைப் படம் போட்ட அட்டை ஒன்று செய்து கழுத்தில் மாட்டிவிட்டேன். அதைத் தூக்கிக் காட்டினால் உடனே விடவேண்டும் என்று அவர்கள் வகுப்பாசிரியையோடு மல்லுக்கு நின்று ஒப்புக்கொள்ள வைத்தேன். இது போதாது என்று எனக்குத் தெரியும். மூன்று நாளை எதிர்த்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறேன் என்று வாயை விட்டிருக்கிறாய், போடவேண்டும்.

உன் அண்ணனிடமும் சொன்னேன். மறுநாள் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீ பண்ணினது தப்பு. சுண்டு பண்ணினது சரி. நான் யாரு பக்கமும் இல்லை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

உன் கடிதத்தைப் பார்த்து மனம் மாறிவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே. அதைப் படித்ததும் அலமாரிக்கு மேலே வீசி எறிந்தேன். ஆனால் அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டிருந்தாயே, அதுதான் சும்மா இருக்கவிடவில்லை. எனக்குப் பதில் தெரியும். தெரியாது.

வகுப்பில் முடிவு சொன்ன நாளிலிருந்து விஞ்ஞானி வாயைத் திறக்கவில்லை. ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. என்மேல் கோபம், தணிந்துவிடும் என்று இருந்துவிட்டேன். இத்தனை வருஷம் ஊமையாக வருகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறவள், ஒருத்தி மறுபடி ஊமையானதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, ஒரு அறையும் சமையல் கட்டும். அம்மாதான் கதவைத் திறந்தாள். "கம் டீச்சர், சிட்" என்றாள். உள்ளே போனால், கதவு, ஜன்னல், கண்ணாடி, அடுப்பு, வாளி என்று எல்லாவற்றின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆங்கிலப் பெயர்கள், அந்தப் பெண்ணின் கையெழுத்தில். அவள் மேஜையில் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்று தமிழில் கேட்டேன். அம்மா பதறிப்போய் உதட்டில் விரலை வைத்து, "நோ தமிழ். டீச்சர் சே" என்றாள். டீச்சர் சொன்னாராம். நான்தான் அந்த டீச்சர்.

அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் நாற்பது வார்த்தை இருந்தால் அதிகம். வா, சாப்பிடு, குளி, தூங்கு, நல்லது, வேண்டாம். என் வாயிலிருந்து அந்த யோசனை போன நாளிலிருந்து, இருபத்திரண்டு நாள், அந்த வீடு நாற்பது வார்த்தையில் ஓடியிருக்கிறது சுண்டு. தான் தமிழில் பேசினால் பிள்ளைக்கு ஆங்கிலம் கெட்டுப்போகும் என்று பயந்து, அவள் பிள்ளையோடு பேசுவதையே விட்டிருக்கிறாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"தமிழ்ல சொல்றேன்மா, கேளுங்க. உங்க பொண்ணு தப்பா எதுவும் சொல்லலை. பதில் சொல்ல நான்தான் அவளுக்கு நேரம் கொடுக்கலை. வேணும்னேதான் கொடுக்கலை. என் வகுப்புல ஆள் குறையக்கூடாதுன்னு பண்ணிட்டேன். மறுபடி தேர்வு வைக்கச் சொல்லி எழுதப்போறேன்."

அந்தப் பெண்தான் முதலில் பேசினாள்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் சரியா மிஸ்?"

"சரிதான்."

"பாலம் படத்துக்குச் சொன்னதுமா?"

"எல்லாமே சரி."

அவள் பேனாவை மூடிவைத்தாள். அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப நான் இவகிட்ட பேசலாமா டீச்சர்?"

"பேசுங்கம்மா" என்றேன். "தமிழ்லயே பேசுங்க."

அவ்வளவுதான். பிள்ளையின் பக்கம் திரும்பி ஆரம்பித்தாள் பார். ஈரத் துண்டை மெத்தையில போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது, அடுப்புத் திருகியைக் கழட்டினது யாரு, மூணு நாளா குளிர்ல செருப்பில்லாம நிக்கிறியே உனக்கு அறிவிருக்கா, தலையைப் பாரு பறவைக்கூடு மாதிரி. இருபத்திரண்டு நாள் பாக்கி அத்தனையும் ஒரே மூச்சில். அந்தப் பெண்ணும் விடவில்லை. "திருகி முன்னாடியே ஆடிச்சும்மா, நான் சரிதான் பண்ணினேன், நீதான் பாக்கலை" என்று எதிர்த்துக் கத்தினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் கேட்டதாகத் தெரியவில்லை. என்னை யாரும் உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

நானாகவே கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். இரண்டாவது மாடி வளைவிலும் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அவர்கள் என்னை மன்னித்தார்களா என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

உன்மேல் கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. உன்னை நேரில் உட்காரவைத்துத் திட்டவேண்டும்.

உன் அண்ணி